எலும்பு ஸ்கேனில் 'ஹாட் ஸ்பாட்' என்று வந்திருந்தால்

அக்கா, மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து ஏழு வருஷம் கழித்து முதுகுவலி, எலும்பு ஸ்கேனில் 'ஹாட் ஸ்பாட்' என்று எழுதியிருந்தீர்கள். என் அம்மாவுக்கும் இதே வார்த்தைதான் வந்தது. ரிப்போர்ட் கவரைப் பிரிக்கும்போது கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

எலும்பு எங்கே வேகமாகப் புதுப்பிக்கப்படுகிறதோ அந்த இடத்தைத்தான் அந்த ஸ்கேன் 'ஹாட் ஸ்பாட்' என்று காட்டும். புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தால் மட்டுமல்ல, தேய்மானம், முறிவு இருந்தாலும் அப்படித் தெரியும். லெட்ரோசோல் (மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் ஹார்மோன் மாத்திரை) சாப்பிட்டிருந்தால் எலும்பு மெலிந்து விரிசல் விடுவதும் உண்டு. அம்மாவுக்கு எம்ஆர்ஐ எடுத்தபோது விரிசல்தான் என்று தெரிந்தது. உங்களுக்கும் அப்படித்தான் என்று நான் சொல்ல முடியாது. பழைய ரிப்போர்ட்டுகளோடு புற்றுநோய் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் பயாப்ஸி (அந்த இடத்திலிருந்து சிறு துண்டு எடுத்துச் செய்யும் பரிசோதனை) பற்றிக் கேளுங்கள்.

அப்புறம், கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் வராமல் போனாலோ காத்திருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.