நெப்டியூனைச் சூரியன் எவ்வளவு இழுக்கிறது?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. தூரம் கூடக் கூடச் சூரியனின் ஈர்ப்பு எப்படிக் குறைகிறது என்று பள்ளிக் கண்காட்சியில் காட்டப் போகிறாள். நெப்டியூன் நம்மைவிட 30 மடங்கு தூரத்தில் இருப்பதால் ஈர்ப்பு முப்பதில் ஒரு பங்கு என்று அட்டையில் எழுதியிருக்கிறோம். சரியா? அவ்வளவு குறைந்த ஈர்ப்பில் அது ஏன் விலகி ஓடவில்லை என்றும் கேட்கிறாள்.

பதில்: முதலில் அட்டையைத் திருத்திவிடுங்கள். முப்பதில் ஒன்று இல்லை, தொள்ளாயிரத்தில் ஒன்று. ஈர்ப்பு தூரத்தின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் கால் பங்கு, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. பூமிக்கு 1 என்று வைத்தால் புதனுக்கு 6.7 வரும், வியாழனுக்கு 27-ல் ஒரு பங்குதான்.

இவையெல்லாம் ஒரு கிலோ நிறைக்கான கணக்கு. அதை அட்டையில் கட்டாயம் எழுத வேண்டும். வியாழன் பூமியைப் போல 318 மடங்கு நிறை உள்ளது. அதனால் அதன் மீதான மொத்த விசை பூமியின் மீதுள்ளதைவிடக் கிட்டத்தட்ட 12 மடங்கு. பிள்ளைகள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான்.

மகளின் கேள்வி அருமையான கேள்வி. பூமி ஒரு வினாடியில் 30 கி.மீ. ஓடுகிறது, அதற்குள் சூரியனை நோக்கி விழுவது வெறும் 3 மி.மீ. அந்த 3 மி.மீ. வளைவுதான், விடாமல் சேர்ந்து சேர்ந்து, ஓராண்டில் முழுச் சுற்றாகிறது. நெப்டியூன் ஒரு வினாடியில் விழுவது ஒரு மில்லிமீட்டரில் சுமார் 300-ல் ஒரு பங்குதான். ஆனால் அதன் வேகமும் குறைவு, வினாடிக்கு 5.4 கி.மீ. அந்த வேகத்துக்கு அந்தச் சின்ன இழுப்பே போதும். பூமியின் வேகத்தில் அங்கே ஓடினால் சூரியக் குடும்பத்தை விட்டே போய்விடும். ஒரு சுற்றுக்கு 165 ஆண்டு; 1846-ல் கண்டுபிடிக்கப்பட்ட நெப்டியூன் அதன் பிறகு முதல் சுற்றை முடித்தது 2011-ல்தான்.

கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றிக் காட்டும் மாதிரி வேண்டாம் என்பேன். தூரம் கூடினால் இழுப்பு குறையும் என்பதை அது காட்டாது. அதற்குப் பதில் ஓர் அட்டையில் 1 செ.மீ. சதுர ஓட்டை வெட்டி, செல்போன் டார்ச்சுக்கு 10 செ.மீ. முன்னால் பிடியுங்கள். வரைபடத்தாளை டார்ச்சிலிருந்து 20 செ.மீ. தள்ளி வைத்தால் வெளிச்சம் சுமார் 4 கட்டங்களில் விழும், 30 செ.மீ. தள்ளினால் 9. அதே வெளிச்சம்தான், அத்தனை கட்டங்களுக்கும் பங்காகிறது. ஈர்ப்பும் தூரத்தோடு இதே கணக்கில்தான் குறைகிறது. இருட்டு அறையில் செய்யுங்கள். கட்டங்களை அவளே எண்ணட்டும்.