திராட்சைத் தோட்டத்துக் கல்யாணப் படங்கள் மாதிரி வட சென்னையில் எடுக்க முடியுமா?

கேள்வி: வெளிநாட்டில் குளிர்காலத்தில், திராட்சைத் தோட்டத்துப் பண்ணை வீட்டில் அவசரமே இல்லாமல் நடக்கும் கல்யாணங்களின் படங்களைப் பார்த்து ஆசைப்படுகிறேன். தங்கை கல்யாணம் ஜனவரி கடைசியில். நாங்கள் பழைய வண்ணாரப்பேட்டை. எங்களுக்கு அப்படிப் படங்கள் அமையுமா? போட்டோகிராபரிடம் என்ன பேசி வைக்க வேண்டும்?

பதில்:

அமையும். பதினோரு வருடமாக ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் கல்யாணம் எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் அந்தப் படங்களில் உங்களுக்குப் பிடித்தது திராட்சை இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஐரோப்பாவில் குளிர்காலத்துத் திராட்சைக் கொடியில் இலையே இருக்காது. எல்லாம் உதிர்ந்து, கவாத்து செய்து, வெறும் கட்டைகள் வரிசையாக நிற்கும். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை (2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது) வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும்தான். ஆனால் பந்தல் போட்டுத் தலைக்கு மேலே படர விடுகிறார்கள். கீழே நிற்கிறவர் முகத்தில் பச்சை நிறம் ஏறும். ஒரு முறை எடுத்துப் பார்த்தேன், மாப்பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்தது போல இருந்தது.

நீங்கள் ஆசைப்படுவது இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று, சாய்ந்து வரும் வெயில். இன்னொன்று, படத்தில் இருப்பவர்கள் கேமராவைப் பார்க்காமல் தங்கள் வேலையைப் பார்ப்பது. முதலாவதைச் சூரியன் இலவசமாகத் தருகிறது. ஏப்ரல் கடைசியில் சென்னையில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும், கண்குழி இரண்டும் கறுத்துப் போகும். ஜனவரி 20 வாக்கில் பகல் பன்னிரண்டு மணிக்கும் சூரியன் தெற்கே சாய்ந்து, சுமார் 57 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். நாலு மணிக்கு மேல் எடுப்பதெல்லாம் தேன். மறைவது ஆறு மணி சுமாருக்கு.

மார்கழியில் நம் ஊரில் கல்யாணம் கிடையாது. கத்தோலிக்கர்களும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். அதனால் இந்த வெளிச்சம் எங்களுக்குத் தையில்தான் கிடைக்கும். போகி அன்று காலையில் மட்டும் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் புகையைச் சிலர் பனிமூட்டம் என்று ஏமாந்து படம் எடுக்கப் போய், இருமிக்கொண்டு வருவார்கள்.

இரண்டாவது விஷயம்தான் கஷ்டம். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் நான் எடுத்த ஒரு கல்யாணத்தைச் சொல்கிறேன்.

பெண் காசிமேடு, மாப்பிள்ளை பெரம்பூர். காலையில் ராயபுரம் ராயப்பர் கோயிலில் திருமணத் திருப்பலி. (ராயப்பர் என்றால் புனித பேதுரு. ராயபுரத்துக்குப் பேரே அவரால் வந்தது.) ரிசப்ஷனுக்கு மண்டபம் வேண்டாம் என்று இருவரும் ஒரே பிடியாக நின்றார்கள். மேடை, சோபா, கிஃப்ட் கொடுக்க வரிசை எதுவும் கூடாது. செங்குன்றம் தாண்டி, ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டிலிருந்து பெரியபாளையம் சாலையில் உள்ளே போனால் ஒரு மாந்தோப்பு. தெரிந்தவருடையது. நூற்றிருபது பேருக்கு மேல் இல்லை.

பெண் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "அண்ணா, எங்களை எங்கயும் நிக்க வைக்காதீங்க." கேட்டவுடன் சுலபமான வேலை என்று நினைத்தேன். மண்டபத்தில் நாலாயிரம் கிளிக் போகிற கை, இங்கே ஆயிரத்து நூறோடு நின்றது. ஆனால் வீட்டுக்குப் போய்ப் படுத்தபோது வலித்த மாதிரி முதுகு எந்த மண்டபத்துக்கும் வலித்ததில்லை.

காரணம் இது. மண்டபத்தில் சடங்கே நம்மை நடத்திக் கொண்டுபோகும். மாலை மாற்றினால் ஒரு படம், தாலி ஏறினால் பத்துப் படம், அட்சதை விழும்போது ஒன்று. தூங்கி வழிகிறவனும் ஆல்பத்தை நிரப்பிவிடலாம். தோப்பில் அடுத்தது என்ன என்று யாருக்கும் தெரியாது. எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். நடப்பது அப்போதுதான்.

கிளம்பியதே தாமதம். மூலக்கடையில் ஒரு கன்டெய்னர் லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்று, முக்கால் மணி நேரம் போயிற்று. தோப்பில் இறங்கியதும் கேமராப் பையைத் திறக்காமல் கால் மணி நேரம் மர நிழலில் வைத்தேன். ஏசி காரில் குளிர்ந்த லென்ஸை ஈரக்காற்றில் நீட்டினால் கண்ணாடி பூத்துப்போகும். அந்தக் கால் மணி நேரத்தில் தோப்பை ஒரு சுற்று நடந்தேன். வெயில் எந்தப் பக்கம் இறங்கும், எந்த இடைவெளியில் ஐந்து மணிக்கு மேல் உள்ளே வரும் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். அன்று நான் போட்ட திட்டம் என்றால் அது மட்டும்தான்.

மாமரங்கள் பூத்திருந்தன. எதிர்வெயிலில் பார்த்தால் அந்தப் பூங்கொத்துகள் பொன் தூவியது போல இருக்கும். ஜோடியைக் கிளையில் சாய வைக்கலாமே என்று ஆசை வந்தது. தோப்புக்காரர் முந்திக்கொண்டார்: "கிளையைத் தொடாதீங்க தம்பி, பூ கொட்டிச்சின்னா காய் போச்சு." நல்லதாகப் போயிற்று. யாரையும் எங்கேயும் சாய வைக்கவில்லை.

அடர்ந்த மர நிழலிலும் பச்சைத் தொல்லை உண்டு. வெள்ளைப் புடவையில் உடனே தெரியும். அதனால் ஆட்களை நகர்த்தாமல், நாற்காலிகளை நகர்த்தினேன். சாப்பாட்டு மேசை, ஜூஸ், அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை எல்லாவற்றையும் பந்தல்காரரிடம் சொல்லி நிழலின் ஓரத்துக்கு, வெட்டவெளி வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி போடச் சொன்னேன். அதற்கப்புறம் யார் எங்கே நின்று எதைத் தின்றாலும் முகம் சுத்தமாக விழுந்தது. உங்கள் போட்டோகிராபரிடம் பேச வேண்டியதில் முக்கியமானது இதுதான்: கல்யாணத்துக்கு முந்தின நாளாவது, அதே நேரத்துக்கு வந்து இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நாற்காலி போடுகிறவரோடு அவரைப் பேச வையுங்கள்.

அப்புறம் கேரம். வட சென்னைக்காரர்கள் நூறு பேர் ஓர் இடத்தில் சேர்ந்து பொழுது போக வேண்டுமென்றால் வேறு என்ன? மாப்பிள்ளையின் கூட்டாளிகள் மூன்று போர்டு கொண்டுவந்து ஸ்டாண்டில் வைத்தார்கள். பெண்ணின் அப்பா ஒரு காலத்தில் எங்கள் பக்கத்து மன்றங்களில் பேர் போன ஆட்டக்காரர். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். எதிரே மருமகன். நான் 35 எம்எம் லென்ஸோடு போர்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நாற்பது நிமிடம். முதல் பத்து நிமிடம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "இன்னாபா, போட்டோ புடிக்கிறியா, தூங்குறியா?" என்று கேட்டார். அதற்கப்புறம் என்னை மறந்துவிட்டார்கள். எனக்கு வேண்டியது அந்த மறதி.

ஐந்தேகால் இருக்கும். வெயில் நான் பார்த்து வைத்த இடைவெளியில் இறங்கிப் போர்டின் மேல் படுத்தது. அப்பா போரிக் பவுடரை ஒரு கை அள்ளித் தூவினார். எதிர்வெயிலில் அந்தத் தூள் அப்படியே புகையாக எழுந்து நின்றது. பின்னால் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, அப்பா தோளில் தாடையை வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்க்கிறாள். மருமகன் நகத்தைக் கடிக்கிறான். மூன்று படம் எடுத்தேன், ஒன்று சரியாக வந்தது. அந்தப் புகையை ஃபோட்டோஷாப்பில் போட்டதா என்று இன்றும் கேட்கிறார்கள்.

இப்போது நான் செய்த தப்பு. நிதானமான கல்யாணம்தானே, குடும்பப் படங்களைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கேரம் முடிந்து தலையைத் தூக்கினால் பெண்ணின் ஆயாவை, அதாவது பாட்டியைக் காணோம். தைப்பனி தரையைத் துளைக்கும் என்று சொல்லிக்கொண்டே, தலையில் துண்டைக் கட்டி ஐந்து மணிக்கே வேன் ஏறிப் போய்விட்டார்களாம். பெண்ணோடு ஆயா நேராக நிற்கிற படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. பெண்ணின் அம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. மறுவாரம் காசிமேட்டில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் இருவரையும் உட்கார வைத்து எடுத்துக் கொடுத்தேன். புடவை வேறு, தலையில் பூ இல்லை.

அதனால் அவசரமில்லாத கல்யாணத்திலும் ஒரு இருபது நிமிடம் அவசரம் வேண்டும். எட்டு குரூப் படங்கள் போதும், பேரெழுதிய சீட்டு ஒன்று, ஆட்களைக் கூப்பிடக் குரல் வளம் உள்ள ஒரு சித்தப்பா. சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் முதலில்.

இருட்டிய பிறகு மரத்துக்கு மரம் சீரியல் பல்பு. அழகுதான், ஆனால் மலிவான எல்இடி பல்புகள் கண்ணுக்குத் தெரியாமல் விநாடிக்கு நூறு முறை மினுக்கும், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால். வேகமான ஷட்டரில், அதுவும் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஐம்பதில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு விநாடியில் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஆடுகிறவர்கள் படத்தில் கொஞ்சம் கலங்கலாகத் தெரிவார்கள், அது எனக்குப் பிடிக்கும். அத்தோ கடைக்காரர் கல்லைத் தட்டியபோது எழுந்த ஆவியை அப்படித்தான் எடுத்தேன். வீடியோக்காரர் வெள்ளை விளக்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தால் எல்லாம் கெட்டது. அதையும் முன்கூட்டியே பேசுங்கள். கொசுவத்தி மறக்காதீர்கள்.

இன்னொன்று. யார் முகத்தையும் வெளுக்க வைக்காதே என்று ஆல்பம் போடுகிறவரிடம் எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள். மாலை வெயில் மாநிறத்தின் மேல் விழும் அழகுக்குத்தான் இவ்வளவு பாடும்.

அந்தக் கேரம் படத்தை இருபதுக்கு முப்பது அளவில் பிரேம் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பொண்ணு எவ்வளவு அழகா இருக்கு பாருங்கள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

"அது சரி தம்பி," என்றார். "அடுத்த அடியில ரெட்டு போட்டு ஃபாலோவும் போட்டனே, அது எங்க?"