நகுமோ கோழையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் கடற்படையை நடத்திய யமமோட்டோவைப் பற்றி விரிவாக எழுதிய நீங்கள், 1941 டிசம்பரில் அமெரிக்கர்களின் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கப் படையை நடத்திச் சென்ற அட்மிரல் நகுமோவை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் திருகோணமலைக்காரன். 1942 ஏப்ரலில் எங்கள் ஊரில் குண்டு வீசியவையும் அவருடைய விமானங்கள்தான். சீனன்குடாவின் எண்ணெய்க் குதம் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆவணப்படங்களோ அவரைக் கைக்கு வந்த வெற்றியை நழுவவிட்ட கோழையாகவே காட்டுகின்றன. அது நியாயமா? இலங்கை வரை வந்தவர் அதைப் பிடிக்காமல் திரும்பியது ஏன்?

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

கோழை என்ற பட்டம் நகுமோ சூயிச்சிக்குப் பொருந்தவே பொருந்தாது. முப்பதுகளில் கடற்படைகளின் அளவைக் கட்டுப்படுத்திய ஒப்பந்தங்களை எதிர்த்த முரட்டு அணியில் இருந்தவர் அவர். கருத்து மாறுபட்ட சக அதிகாரி இனோவேயைக் குத்திக் கொல்வதாக ஒரு விருந்தில் மிரட்டினார் என்றுகூட ஒரு கதை உண்டு.

சிக்கல் வேறு. 1887இல் யோனெசாவாவில் பிறந்த நகுமோ, நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் டார்பிடோவிலும் நாசகாரிக் கப்பல்களிலும் தேறியவர். விமானப் போர் அவருக்குப் பழக்கமில்லாதது. 1941 ஏப்ரலில் விமானந்தாங்கிக் கப்பல்களைக் கொண்ட முதலாம் விமானப் படையணியின் தலைமை பணிமூப்பின் வரிசைப்படி அவரிடம் வந்தது. விமானந்தாங்கிக் கப்பல்களை ஒரே அணியாகத் திரட்ட வேண்டும் என்று வாதாடிய இன்னொரு அட்மிரல் ஓசாவா வரிசையில் பின்னால் நின்றார். அரசு அலுவலகங்களை அறிந்த நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

பேர்ல் துறைமுகத்தில் மூன்றாவது தாக்குதலை அனுப்பாததைத்தான் குற்றமாகச் சொல்கிறார்கள். 29 விமானங்கள் போய்விட்டன, அமெரிக்க விமானந்தாங்கிகள் எங்கே என்று தெரியவில்லை, அவருக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரிகளின் தலைவர் குசாக்காவும் திரும்பிவிடலாம் என்றார். தொலைவில் இருந்த யமமோட்டோவும் மறுபடி அடிக்கச் சொல்லி உத்தரவிடவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் திரும்பியிருப்பேன்.

அவர் மீது எனக்குள்ள குறை உங்கள் கடலில் நடந்ததைப் பற்றியது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பைத் தாக்கச் சென்ற விமானங்கள் இன்னும் திரும்பவில்லை. இரண்டாவது தாக்குதலுக்காகக் கப்பலில் தயாராக நின்ற விமானங்களிலிருந்து டார்பிடோவைக் கழற்றிவிட்டு, தரை இலக்குகளுக்கான தரைக்குண்டு பூட்டச் சொன்னார் நகுமோ. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, எதிரிக் கப்பல்கள் தென்படுவதாக வேவு விமானத்திலிருந்து தகவல் வந்தது. மறுபடியும் டார்பிடோ பூட்டும்படி உத்தரவு. அது முடியாத குழப்பத்தில் செங்குத்தாகப் பாயும் குண்டுவீச்சு விமானங்கள் மட்டும் புறப்பட்டன. சுமார் இருபது நிமிடங்களில் கார்ன்வால், டோர்செட்ஷயர் என்ற இரண்டு பிரிட்டிஷ் குரூசர்கள் மூழ்கின. வென்றதால் குழப்பத்தை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

ஏப்ரல் 9 இன்னும் மோசம். திருகோணமலையை அடித்துவிட்டு, மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் விமானந்தாங்கியை மூழ்கடித்துக்கொண்டிருந்த நேரம். ஒன்பது பிரிட்டிஷ் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் யார் கண்ணிலும் படாமல் நகுமோவின் தலைமைக் கப்பலான அக்காகிக்கு மேலேயே வந்துவிட்டன. ரேடார் கிடையாது. பக்கத்துக் கடலில் குண்டுகள் விழுந்து தண்ணீர் எழும்பிய பிறகுதான் மேலே எதிரி இருப்பதே தெரிந்தது. குறி தப்பியது. அந்த ஒன்பதில் ஐந்து திரும்பவில்லை.

இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை, ஜூன் 4, பசிபிக் கடலில் மிட்வே தீவருகே அமெரிக்கர்களுடன் போர். தரைக்குண்டு பூட்டு, நிறுத்து, டார்பிடோ பூட்டு என்று அதே மாற்று உத்தரவுகள். அதே போல யார் கண்ணிலும் படாமல் மேலே வந்த விமானங்கள். இம்முறை குறி தப்பவில்லை. அக்காகி, காகா, சோர்யூ ஆகிய விமானந்தாங்கிகள் மூன்றும் சில நிமிடங்களில் தீப்பற்றின. ஹிர்யூ அன்று மாலை. நகுமோ நகாரா என்ற சிறிய குரூசருக்கு மாறினார். இலங்கைக்கும் மிட்வேக்கும் இடையில் கப்பல்கள் ஜப்பானில் இருந்தது ஐந்து வாரம்தான் என்பது உண்மை. ஆனால் அந்த ஐந்து வாரத்தில் ஏப்ரல் 9ஐப் பற்றி ஒருமுறை உட்கார்ந்து பேசியிருக்கலாம் அல்லவா?

அதன்பின் அக்டோபரில் பசிபிக்கின் சாண்டா குரூஸ் தீவுகளருகே நடந்த போரில் ஹார்னெட் என்ற அமெரிக்க விமானந்தாங்கியை மூழ்கடித்தார். விமானிகளை ஏராளமாக இழந்து பெற்ற வெற்றி. பிறகு கரைப் பதவிகள். 1944இல் கப்பல்கள் அதிகம் இல்லாத ஒரு படையின் தலைவராகச் பசிபிக் கடலிலுள்ள சைபான் தீவுக்கு அனுப்பப்பட்டார். ஜூன் 15 அன்று அமெரிக்கர்கள் அங்கே இறங்கினார்கள். ஜூலை 6 அன்று தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

இலங்கையைப் பிடிக்கும் யோசனை ஜப்பானியக் கடற்படையில் இருந்தது. படை தர முடியாது என்று தரைப்படை மறுத்துவிட்டது. ஆகவே நகுமோவுடன் வந்த கப்பல்களில் தரையிறங்க ஆட்களே இல்லை. பிரிட்டிஷ் கிழக்குக் கடற்படையைத் தேடி அழிப்பதுதான் அவருக்கு இட்ட வேலை. அதன் தலைவர் சோமர்வில் தன் கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பிக்கொண்டது மாலத்தீவின் தென்கோடியில் உள்ள அட்டுவில். அங்கே அப்படி ஒரு தளம் இருப்பதே ஜப்பானியருக்குத் தெரியாது.