வைக்கோல் வண்டியின் தளத்தைத் தாழ்த்துவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் நான்கு சக்கர வைக்கோல் வண்டியின் தளம் தரையிலிருந்து 115 செ.மீ. உயரத்தில் இருப்பதால், கட்டுகளை மேல் அடுக்குக்குத் தூக்குவதற்குள் தோள் விட்டுப்போகிறது. சிறிய டயர் மாட்டினாலே 25 செ.மீ. இறங்கிவிடும் என்கிறார்கள். முன்சக்கரங்கள் டர்ன்டேபிளோடு (முன் அச்சைத் திருப்பும் வட்டத்தட்டு) சேர்ந்து திரும்புபவை. தரையிலிருந்து அச்சின் மையம் 36, அங்கிருந்து தாங்குகட்டையின் (அச்சின்மேல் நின்று தளத்தைத் தாங்கும் கட்டை) மேல்முகம் 35, அதன்மேல் மர இடைக்கட்டை 10, நீளவாக்கில் ஓடும் நெடுஞ்சட்டம் 20, குறுக்குச்சட்டம் 10, பலகை 4 செ.மீ. டயரின் விட்டம் 75 செ.மீ. என்ன செய்யலாம்?

பதில்: அளவுகளைப் பிரித்து எழுதியிருப்பது மிக நல்லது, பாதி விடை அதிலேயே இருக்கிறது. டயரின் விட்டத்தில் எவ்வளவு குறைகிறதோ அதில் பாதிதான் தளத்தின் உயரத்தில் குறையும். 25 செ.மீ. இறங்க வேண்டுமானால் விட்டத்தில் 50 செ.மீ. போக வேண்டும், அப்படியொரு டயரை உங்கள் வண்டியில் நினைத்துப் பார்க்கவே முடியாது.

எல்லாருக்கும் முதலில் கண்ணில் படுவது அந்த 10 செ.மீ. இடைக்கட்டைதான். அதை இப்போது எடுக்காதீர்கள். டயரின் உச்சி தரையிலிருந்து சுமார் 73.5 செ.மீ. உயரத்திலும், நெடுஞ்சட்டத்தின் அடிமுகம் 81 செ.மீ. உயரத்திலும் இருப்பதால், இடைவெளி வெறும் 7.5 செ.மீ. கட்டையை எடுத்தால் சட்டம் 71 செ.மீ.க்கு இறங்கிவிடும்; வளைவில் வண்டியைத் திருப்பும்போது முன்சக்கரம் சட்டத்தின் பக்கவாட்டில் மோதி, டயர் கிழியும் அல்லது வண்டியை இழுக்கும் சட்டம் வளையும். மேடுபள்ளத்தில் முன் அச்சு ஒருபக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்வதற்கும் அந்த இடைவெளிதான் இடம் கொடுக்கிறது.

ஆகவே உயரத்தை நெடுஞ்சட்டத்தின் அடிமுகத்துக்கு மேலேதான் தேட வேண்டும். குறுக்குச்சட்டங்கள் இப்போது நெடுஞ்சட்டங்களின் தலையில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை நெடுஞ்சட்டங்களுக்கு இடையே, மேல்முகம் சமமாக இருக்கும்படி பொருத்தினால் 10 செ.மீ. முழுதாகக் குறையும். 20 செ.மீ. மரச்சட்டத்துக்குப் பதிலாக 12 செ.மீ. உயரமுள்ள இரும்புச் சட்டத்தை வைத்தால் இன்னும் 8 செ.மீ. கிடைக்கும். பலகையின் ஓரத்தைத் தாங்க நெடுஞ்சட்டத்திலிருந்து வெளிப்பக்கம் நீளும் கைகள், உள்ளே இருக்கும் குறுக்குச்சட்டங்களின் நேர்கோட்டிலேயே வர வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் ஏற்றும் பாரம் நெடுஞ்சட்டத்தை முறுக்கும். இரும்பின் தடிமனை, முழுப் பாரத்தையும் தாங்குகட்டைகளுக்கு இடையிலான தூரத்தையும் சொல்லி, கணக்குத் தெரிந்த ஒருவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இவ்வளவும் செய்தால் தளம் 97 செ.மீ.க்கு வரும், டயருக்கும் சட்டத்துக்கும் இடையிலான இடைவெளியும் மாறாது.

அதற்குப் பிறகும் போதாது என்றால்தான் டயரைத் தொட வேண்டும். விட்டத்தை 10 செ.மீ. குறைத்தால் வண்டி முழுதும் 5 செ.மீ. இறங்கும், ஆனால் டயரின் உச்சி 10 செ.மீ. இறங்குவதால் இடைவெளி 5 செ.மீ. கூடுகிறது. அப்போது இடைக்கட்டையிலும் 5 செ.மீ. குறைக்கலாம், ஆக 87 செ.மீ. இதற்கு விலையும் உண்டு: சிறிய டயர் ஈர நிலத்தில் அதிகம் புதையும், இழுப்பதும் கடினமாகும், அச்சுக்கும் தரைக்கும் இடையிலான வெளியும் குறையும். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் பாரத்திறன் உங்கள் முழுச் சுமையில் ஒரு சக்கரத்துக்கு வரும் பங்கைத் தாராளமாகத் தாங்காவிட்டால், 97 செ.மீ.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். தளத்தைத் தூக்கி வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் நுழைய வேண்டாம். கனமான முட்டுகள் கட்டாயம்.

கேள்வி: தளம் 18 செ.மீ. தாழ்ந்துவிட்டால், கூடுதலாக ஓர் அடுக்கு ஏற்றலாம் அல்லவா?

பதில்: கூடாது. 36 செ.மீ. உயரமுள்ள கட்டுகளை நான்கு அடுக்காக ஏற்றினால், 115 செ.மீ. தளத்தில் சுமையின் மையம் 187 செ.மீ. உயரத்தில் இருக்கும், 97 செ.மீ. தளத்தில் அது 169 செ.மீ.க்கு இறங்கும். சக்கரங்களுக்கு இடையே 150 செ.மீ. அகலம் இருந்தால், சுமையை மட்டும் வைத்துப் பார்க்கும்போது கவிழும் சாய்வு ஏறத்தாழ 22 பாகையிலிருந்து 24 பாகைக்கு உயர்கிறது. ஐந்தாம் அடுக்கை வைத்தவுடன் மையம் மறுபடியும் 187 செ.மீ.க்கே போய்விடும், பாரம் மட்டும் கூடியிருக்கும். ஓட்டத்தில் சுமை ஆடுவதாலும் டயர் நெளிவதாலும் வண்டி இந்தக் கணக்குக்கு முன்பே கவிழும் என்பதால், கிடைத்த 2 பாகையைக் கைவிடாதீர்கள்.

கேள்வி: மரச்சட்டம் தாங்குகட்டையில் அமரும் இடத்தில் 5 செ.மீ. வெட்டி இறக்கினால் செலவில்லாமல் முடியாதா?

பதில்: 20 செ.மீ. சட்டத்தில் 5 செ.மீ. வெட்டினால், அந்த இடத்தில் வளைவைத் தாங்கும் வலு 56 விழுக்காடாகக் குறைகிறது. ஏனெனில் வலு உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தளம் தாங்குகட்டைக்கு வெளியேயும் நீண்டிருப்பதால், சட்டம் கடுமையாக வளையும் இடங்களில் அதுவும் ஒன்று. வெட்டின் உள்மூலையில் தொடங்கும் பிளவு மரத்தின் நாரோடு ஓடி, ஒருநாள் முழுப் பாரத்தோடு சட்டத்தை இரண்டாக்கும். ஏற்கெனவே வெட்டியிருந்தால், சுமை ஏற்றுவதற்கு முன் அந்தச் சட்டத்தை மாற்றிவிடுங்கள்.