கதீற்றர் போட்ட கிழமையில் எடுத்த பி.எஸ்.ஏ.

கேள்வி: விசுவமடுவில் இருக்கிறோம். அப்பாவுக்கு 69 வயது. போன மாதம் சலம் அடைத்து, ஆஸ்பத்திரியில் கதீற்றர் (சலம் வெளியேற வைக்கும் குழாய்) போட்டார்கள். மூன்றாம் நாள் எடுத்த பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை 11 என்று வந்தது. கனடாவில் இருக்கும் தம்பி அதை கான்சர் வாய்ப்பைக் கணக்கிடும் இணையக் கணிப்பான் ஒன்றில் போட்டுப் பார்த்துவிட்டு, கான்சராகத்தான் இருக்கும், உடனே தெல்லிப்பழை கான்சர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: தம்பியின் அக்கறையில் பிழையில்லை. அவர் போட்ட எண்தான் பிழை. பி.எஸ்.ஏ. என்பது ஆண்களுக்குச் சலப்பைக்குக் கீழே இருக்கும் புரஸ்தாத சுரப்பியில் உருவாகும் ஒரு புரதம். கான்சரில் மட்டும் அது ஏறுவதில்லை. சுரப்பி வயதோடு பருத்தாலும், கிருமி தொற்றினாலும், சலம் அடைத்தாலும், கதீற்றர் போட்டாலும் ஏறும். அப்பாவுக்கு இதில் குறைந்தது இரண்டு ஒரே கிழமையில் நடந்திருக்கிறது. அந்த 11ஐ வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. கதீற்றர் எப்போது போட்டது என்று கணிப்பான் கேட்கவும் மாட்டாது. போதாக்குறைக்கு, அவற்றில் பிரபலமானவை அமெரிக்க, ஐரோப்பிய ஆண்களின் தரவில் செய்யப்பட்டவை.

கதீற்றர் கழற்றி ஆறு கிழமையாவது போகட்டும். சலத்தில் தொற்று இல்லை என்று உறுதியான பிறகு, முடிந்தால் அதே லாப்பில் திரும்ப எடுங்கள். அதற்கு முந்திய இரண்டு நாள் சைக்கிள் ஓட்டமும் தாம்பத்திய உறவும் வேண்டாம்.

ஆனால் அதுவரை சும்மா இருக்கவும் கூடாது. வைத்தியர் மலவாசல் வழியாக விரலால் சுரப்பியைத் தடவிப் பார்த்தாரா என்று கேளுங்கள். ஒரு நிமிட வேலைதான். எங்கள் பெரியவர்கள் வெட்கத்தில் "வேண்டாம் டொக்டர்" என்று எழும்பி வந்துவிடுவார்கள். சுரப்பி இறுகியோ முடிச்சாகவோ தட்டுப்பட்டிருந்தால் ஆறு கிழமைக் கணக்கைப் பார்க்க வேண்டாம்.

கிளினிக் கொப்பியில் குளிசையின் பெயரையும் பாருங்கள். பருத்த சுரப்பியைச் சுருக்கத் தரும் பினாஸ்ரறைட், டியூட்டாஸ்ரறைட் இரண்டும் ஆறு மாதமளவில் பி.எஸ்.ஏ.யைப் பாதியாக்கும், அப்போது 4 வந்தால் 8 என்றுதான் எடுக்க வேண்டும். சலம் இலகுவாகப் போகத் தரும் ராம்சுலோசின் அப்படிச் செய்யாது. ஆனால் சட்டென்று எழும்பினால் தலை சுற்றும். இரவில் வளவுக் கோடியிலுள்ள கக்கூசுக்குப் போகிறவர் என்றால், கட்டிலில் கொஞ்சம் இருந்துவிட்டு எழும்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது எண்ணும் கூடவென்றால், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் சிறுநீரகச் சத்திரசிகிச்சை கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் சதைத்துண்டுப் பரிசோதனை, அதில் கான்சர் என்று வந்தால்தான் தெல்லிப்பழை. வந்தாலும் தலை போகிற அவசரம் பெரும்பாலும் இராது. சுரப்பிக்குள்ளேயே நின்ற கான்சரோடு 1,643 ஆண்களைப் பின்தொடர்ந்த பிரித்தானிய ஆய்வின் முடிவு 2023இல் வந்தது: சத்திரசிகிச்சை, கதிர்ச்சிகிச்சை, கண்காணிப்பு என எந்த வழியில் போனாலும், 15 ஆண்டில் அந்தக் கான்சரால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேரளவில்தான்.

அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. திரும்பச் சலம் அடைத்தால், குளிர் காய்ச்சல் வந்தால், சலத்தில் ரத்தம் கட்டியாகப் போனால், முதுகு நோவோடு கால் சோர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடைத்த சலம் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதால், அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாற்றினினும் பார்க்கச் சொல்லுங்கள்.