மறுமொழி: சலரோகப் புண்ணுக்கு வெள்ளி நனோக் கரைசல் குடிக்கலாமா?

வணக்கம். சலரோகமுள்ள உங்கள் தந்தையாரின் கால்புண் ஆறாததால், அன்ரிபயோற்றிக்கை நிறுத்திவிட்டு, இணையத்தில் விற்கும் வெள்ளி நனோக் கரைசலை (கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெள்ளித் துணிக்கைகள் கலந்த நீர்மம்) குடிக்கக் கொடுக்கலாமா என்று சாவகச்சேரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் செய்யாதீர்கள்.

வெள்ளி நனோத் துணிக்கைகளிலிருந்து வெளிவரும் அயன்கள் (மின்னேற்றமுள்ள வெள்ளி அணுக்கள்) பற்றீரியாவின் மென்சவ்வையும் புரதங்களையும் சிதைப்பது உண்மைதான். ஆனால் அது வெள்ளி நேரே படும் புண்ணின் மேற்பரப்பில் நடப்பது. குடித்தாலோ, அது தோலில் படிந்து மாறாத நீலச்சாம்பல் நிறத்தைத் தரக்கூடும் என்பதோடு, சில அன்ரிபயோற்றிக்குகள் உடலில் உறிஞ்சப்படுவதையும் குறைக்கலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999இலேயே இத்தகைய கரைசல்களைப் பாதுகாப்பானவையென ஏற்க மறுத்துவிட்டது (விற்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்).

வெள்ளி பூசிய கட்டுத்துணி வேறு விடயம். வைத்தியர் எழுதித் தந்தால் பயன்படுத்துங்கள். அதில் சில வகைகளைச் சேலைனால் (உப்புநீரால்) நனைக்கக்கூடாது, ஏனெனில் சேலைனிலுள்ள குளோரைட்டு வெள்ளி அயன்களைப் பிடித்துக் கரையாத வீழ்படிவாக்கிவிடும். கிருமிநீக்கிய நீரே அவற்றுக்கு உகந்தது. எலும்புவரை இறங்கிய தொற்றை எந்தக் கட்டும் எட்டாது.

எந்த மருந்து பலிக்கும் என்று அறிய உதவுமா என்று நீங்கள் கேட்ட தங்க நனோச் சோதனைப் பட்டிகள், கர்ப்பப் பரிசோதனையில் தோன்றும் சிவப்புக் கோட்டின் அதே தத்துவத்தில், குறித்த ஒரு பொருள் இருக்கிறதா என்று மட்டுமே காட்டும். எந்த மருந்துக்கு இக்கிருமி அடங்கும் என்பதை அறிய, புண்ணிலிருந்து எடுத்த மாதிரியை வளர்த்துப் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காட்டி, அச்சோதனை தேவையா என்று கேளுங்கள். காய்ச்சலோ, கருமையோ, துர்நாற்றமோ தென்பட்டால் கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றைக்கே கூட்டிச்செல்லுங்கள்.