குட்டி மெடல்களின் சொந்தக்காரர் யார்? கேள்வி பதில்

பழைய ராணுவ மெடல்களைப் பற்றி டெல்டா பக்கமிருந்து வந்த கேள்விகளில், குட்டி மெடல், அதாவது பெரிய மெடலின் சின்ன நகல், சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சார், கும்பகோணத்தில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. அதற்குள் நகம் அளவு மெடல்கள் ஐந்து, ஒரே ஊசியில். முதலில் வெள்ளிச் சிலுவை, வெள்ளை நாடாவின் நடுவே ஊதா. பிறகு இரண்டு நட்சத்திரங்கள், இரண்டு வட்ட மெடல்கள். பெயர் எங்குமே இல்லை. யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயர் இல்லாததில் ஆச்சரியம் இல்லை அம்மா. பெரிய மெடலைத்தான் அரசாங்கம் கொடுத்தது. குட்டி மெடல் இரவு விருந்துகளில் மெஸ் உடையில், அதாவது விருந்துக்கான சீருடையில், குத்திக்கொள்வதற்கு. அவரவர் காசு போட்டு ராணுவத் தையல்காரரிடமோ நகைக்கடையிலோ வாங்கிக்கொண்டார்கள். அதில் பெயர் பொறிப்பது அபூர்வம். அதனால் எந்த மெடலோடு எந்த மெடல் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிலுவை, மிலிட்டரி கிராஸ் என்ற வீர விருது. அதிகாரிகளுக்கும், சுபேதார், ஜமேதார் நிலையில் இருந்தவர்களுக்கும்தான் கிடைத்தது. சாதாரண சிப்பாய்க்கு இல்லை. நட்சத்திரங்களில் ஒன்று, இரண்டாம் உலகப் போருக்கான 1939–45 ஸ்டார். மற்றதன் நாடாவில் நீலம், சிவப்பு, நீலம், நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு; அது பர்மா ஸ்டார். நான்காவதில் சிங்கம் ஒன்று இரட்டைத்தலை டிராகனை மிதித்து நிற்கிறது. 1939–45 வார் மெடல். அதன் நாடாவில் குத்தியிருக்கும் சின்ன இலையைக் கழற்றிவிடாதீர்கள். போர் அறிக்கையில் பெயர் சொல்லிப் பாராட்டப்பட்டவருக்குத்தான் அந்த இலை.

விஷயமே கடைசி மெடலில்தான். பின்பக்கம் இந்தியா வரைபடம், இரண்டு நீலங்களில் நாடா. இந்தியா சர்வீஸ் மெடல். இந்தியப் படைகளில் இருந்தவர்களுக்கு மட்டும் தரப்பட்டது. ஆக, இவர் வெள்ளைக்காரராகவே இருந்தாலும் இந்திய ராணுவத்துக்காரர். 1947 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்குக் கொடுத்த சுதந்திர மெடல் இந்த வரிசையில் இல்லை. அதற்கு முன்பே விலகியிருக்கலாம், அல்லது ஊசியில் கோத்தது அதற்கு முன்பாக இருக்கலாம்.

மிலிட்டரி கிராஸ், இலை இரண்டுமே பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் வெளியானவை. அந்தக் கெஜட்டை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். மிலிட்டரி கிராஸுக்கான பரிந்துரைகள் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 373 என்ற வரிசையில் இருக்கின்றன. பெயர், ரெஜிமெண்ட், போர்முனை என்று அட்டவணை உண்டு. ஆனால் பர்மாவில் இந்த விருதை வாங்கியவர்கள் ஏராளம். வெறும் மெடலை வைத்துக்கொண்டு ஒரே ஆளிடம் போய் நிற்க முடியாது.

அதனால் முதலில் வீட்டின் மூலப்பத்திரத்தை எடுங்கள். விற்றவர், வாங்கியவர் பெயரோடு 'ஓய்வு பெற்ற மேஜர்' என்பது போலத் தொழிலும் எழுதியிருக்கக்கூடும். பத்திரம் கையில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். பெயர் கிடைத்தால் அந்தக் காலத்து 'இந்தியன் ஆர்மி லிஸ்ட்' என்ற அதிகாரிகள் பட்டியல் புத்தகங்களில் ஒப்பிடுங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பலவற்றை இணையத்தில் போட்டிருக்கிறது. பெட்டியின் அடியில் பித்தளைப் பொத்தான் கிடந்தால் அதில் ரெஜிமெண்ட் சின்னம் இருக்கும். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அண்ணே, மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். பெரியப்பா பினாங்கில் போலீஸில் இருந்தவர். ஊதா நாடாவில் நடுவே பச்சை, மேலே 'மலாயா' என்று பட்டை போட்ட ஒரு குட்டி மெடல் வீட்டில் இருக்கிறது. அவருடையதுதானா?

வாய்ப்பு அதிகம். இது பிரிட்டிஷ் ஜெனரல் சர்வீஸ் மெடல். மலாயாப் பட்டை, 1948-லிருந்து 1960 வரை நடந்த கம்யூனிஸ்ட் எதிர்ப்பு நடவடிக்கைகளுக்கு. ராணுவத்தோடு போலீஸுக்கும் கிடைத்தது. முகத்தைப் பாருங்கள் தம்பி. ஆறாம் ஜார்ஜா, 1952-க்குப் பிறகு வந்த எலிசபெத்தா என்று தெரிந்தால் காலம் ஓரளவு பிடிபடும். ஒரே ஒரு சந்தேகம்: குட்டி மெடல் வாங்குகிறவர் பெரும்பாலும் அதிகாரி. பெரியப்பா கான்ஸ்டபிளா, இன்ஸ்பெக்டரா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். ராஜுலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கிய பெட்டிகளில் அடுத்தவர் சாமானும் கலந்து வந்திருக்கும். பெரிய மெடல் கிடைத்தால் விளிம்பில் எண்ணும் பெயரும் இருக்க வேண்டும்.

எங்கள் தாத்தா நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) இருந்தார். இந்தக் குட்டி பர்மா ஸ்டார் அவருக்கு நேதாஜி கொடுத்தது என்கிறார் அத்தை. (ஒரத்தநாடு)

அத்தை கோபித்துக்கொள்ள வேண்டாம். பர்மா ஸ்டார், ஐ.என்.ஏ.வை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் தரப்பு கொடுத்தது. தாத்தா முன்பு பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து மலாயாவிலோ சிங்கப்பூரிலோ பிடிபட்டவர் என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் போர்முனைக்கு உரியது பசிபிக் ஸ்டார். இந்த மெடல் வேறு யாருடையதோ. அதனால் தாத்தாவின் கதை பொய் என்று ஆகிவிடாது. அதற்கான சான்றை வேறு இடத்தில் தேட வேண்டும்.

மெடலைப் பிரஸோ பாலிஷ் போட்டுத் துடைக்கலாமா? (பட்டுக்கோட்டை)

கூடாது.

சிவப்பு நாடாவில் ஐந்து மெல்லிய பச்சைக் கோடுகள், 'ஜம்மு காஷ்மீர்' பட்டை. குட்டியும் இருக்கிறது, பெரியதும் இருக்கிறது. (மயிலாடுதுறை)

கொடுத்துவைத்தவர் நீங்கள். இது இந்திய அரசின் ஜெனரல் சர்வீஸ் மெடல் 1947. பெரியதன் விளிம்பை லென்ஸ் வைத்துப் படியுங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு இருக்கும். எண் 'ஐ.சி.' என்று தொடங்கினால் அதிகாரி. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டனுக்கும், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கும் எழுதுங்கள். அதற்கு முன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்; யாருக்கு, எப்படி எழுதுவது என்று சொல்வார்கள்.

நாகப்பட்டினத்தில் பழைய சாமான் கடையில் ஒரு செட் வாங்கினேன். வெள்ளி எடைக்குத்தான் போகும், பிரித்து விற்றுவிடு என்கிறார் நகைக்கடைக்காரர்.

பிரித்தால் அடையாளம் போச்சு. தனி பர்மா ஸ்டார் ஆயிரக்கணக்கானவர்களுடையதாக இருக்கலாம். கோத்த வரிசைதான் ஆளைக் காட்டும். நூலைக்கூட வெட்டாதீர்கள். முன்பின் படம் எடுத்துக்கொண்டு, அந்தக் கடைக்காரரிடம் எந்த வீட்டுச் சாமானோடு வந்தது என்று இந்த வாரமே கேளுங்கள். மெடல் வைக்கும் பெட்டி இருந்தால் மூடியின் உள்பக்கத் துணியில் கடைப் பெயர் அச்சாகியிருக்கும், அதையும் படம் எடுத்து அனுப்புங்கள்.